கடல் அடைபடும் காலம்

கார்த்திகைத் திங்களில், அந்தி மயங்கும் வேளையில், கீழ்வானில் ஒரு சிறு மீன்கூட்டம் எழுகின்றது. தில்லியில் இருப்பினும், கொல்கத்தாவில் இருப்பினும், தமிழர் தம் இல்லத்து வாயிலில் அகல்விளக்கு ஏற்றிவைக்கும் நாள் அக்கூட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றது. அதே கார்த்திகை மீன்களைப் பண்டைக் கிரேக்க மாலுமிகளும் கருத்தோடு நோக்கி வந்தனர். ஆனால் அவர்கள் நோக்கியது மாலையில் அன்று, வைகறையில். நவம்பர் மாதத் தொடக்கத்தில், கதிரவன் எழுமுன், அம்மீன்கள் மேற்கே கடலுக்குள் இறங்கி மறையும். அதனைக் கண்டதும் அவர்கள் மரக்கலங்களைக் கரையேற்றினர். சுக்கானைக் கழற்றி அடுப்புப் புகை படும் இடத்தில் மாட்டினர். அவ்வாண்டுக்குக் கடல் அடைபட்டது என்பது அதன் பொருள்.

கடலுக்கும் கதவு உண்டோ என்று சிலர் வியக்கலாம். மும்பைக் கரையில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் பௌர்ணமியன்று, கோளி மீனவர் கடலுக்குத் தேங்காய் படைத்துப் படகு இறக்குவதை அவர்கள் கண்டிருப்பர். அரபிக்கடல் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடைபட்டு, அக்காற்றுத் தணிந்ததும் திறக்கின்றது. மத்தியதரைக் கடலோ குளிர்காலத்தில் அடைபட்டு, வசந்தத்தில் திறந்தது. அது அடைபடுவதற்கு முந்திய சில வாரங்களைப் பற்றியே இங்கே பேச விரும்புகின்றேன். இன்று அவ்வாரங்கள் ஓய்வாகக் கடலில் உலவுவோர்க்கு உரியவை. அன்று அவை வணிகனின் பொருளையும் மாலுமியின் உயிரையும் நிறுத்துப் பார்த்த வாரங்கள்.

கி.மு. 700ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஹெசியாட் என்னும் கிரேக்கப் புலவர், உழவர்க்கென எழுதிய நூலில் கடற்பயணத்திற்கும் நாள் குறித்திருக்கின்றார். கோடையின் நடுவில் கதிரவன் வடகோடியை எட்டித் திரும்பிய பின் வரும் 50 நாட்களே பயணத்திற்கு உகந்தவை என்பது அவர் கருத்து. புதுத் திராட்சை மதுவும் முதல் மழையும் வரும்வரை வெளியூரில் தங்கிவிடாமல் விரைந்து வீடு திரும்புமாறு அவர் அறிவுறுத்துகின்றார். இத்தனை அறிவுரை கூறும் அவர், தாம் கப்பலேறியது அருகிலிருந்த யூபியாத் தீவுக்கு ஒரே ஒரு முறைதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றார்.

அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த வெஜீஷியஸ் என்னும் உரோமானிய எழுத்தாளர், போர்க்கலை பற்றிய தம் நூலில் இக்கணக்கை இன்னும் நுட்பமாக வகுத்தார். மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடல் பாதுகாப்பானது. செப்டம்பர் 14 முதல் நவம்பர் 11 வரை ஐயத்திற்குரியது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை அடைபட்டது. புயல் மட்டுமே இதற்குக் காரணமன்று. பகல் குறுகுகின்றது, இரவு நீள்கின்றது, முகிலும் மூடுபனியும் வானத்தை மறைக்கின்றன. திசைகாட்டும் கருவி இல்லாத அக்காலத்தில், கதிரவனும் விண்மீனும் தோன்றாத கடல் வழியில்லாத கடலேயாகும்.

அந்த ஐயத்திற்குரிய இரண்டு மாதங்களும் எவ்வாறிருந்தன என்பதை அறிய, லிசியா என்று பழம்பெயர் பெற்ற கடற்கரையைவிடச் சிறந்த இடம் வேறில்லை. துருக்கி நாட்டின் தென்மேற்கு மூலையில், ஃபெத்தியே விரிகுடாவுக்கும் அந்தால்யா விரிகுடாவுக்கும் இடையே, கடலுக்குள் முன்னேறி நிற்கும் மலைநாடு அது. 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரங்களைக் கொண்ட தாரஸ் மலைத்தொடர் அங்கே நேராகக் கடலில் வந்து இறங்குகின்றது. மலைக்கும் நீருக்கும் இடையே ஊர் அமைக்க இடம் அரிது. எனவே பண்டை நகரங்கள் ஆற்று முகங்களிலும் குடாக்களிலும் ஒதுங்கிக் கிடந்தன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லக் கடலே எளிய பாதையாயிற்று.

கோடைக்காலம் முழுதும் இக்கடலில் வடமேற்கிலிருந்து ஒரு காற்று விடாது வீசும். துருக்கியர் அதனை மெல்தெம் என்பர். செப்டம்பர் மாதத்தில் அது தளர்கின்றது. அக்டோபர் வரும்போது வெயிலின் கடுமை நீங்கிவிடும். ஆயினும் கோடை முழுதும் காய்ந்த நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். கரையில் மாதுளை கனிந்திருக்கும்; ஒலிவக் காய் பறிக்கும் காலம் நெருங்கும். பயணிகளின் கூட்டம் குறைந்த அந்நாட்களில், கூலெட் எனப்படும் இரட்டைப் பாய்மர மரப்படகுகள் குடாவுக்குக் குடா மெல்ல ஊர்ந்து செல்கின்றன. கெகோவாத் தீவை ஒட்டிச் சென்றால், பழைய நகரொன்றின் படிக்கட்டுகள் நீருக்குள் இறங்கி மறைவதைப் படகிலிருந்தே காணலாம். நிலநடுக்கங்களால் கரை தாழ்ந்து, வீடுகள் மூழ்கின. எதிர்க்கரையிலுள்ள சிற்றூரில், லிசிய மக்கள் கல்லில் குடைந்த ஈமப்பெட்டி ஒன்று முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டிருக்கின்றது.

இவ்வாறு ஓய்வாக ஊர்ந்து செல்லும் படகின் பாதை ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது. உரோமாபுரி உண்ட உணவில் பெரும்பங்கு எகிப்து நாட்டுக் கோதுமை. அதனை ஏற்றிய கப்பல்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து வடமேற்கே இத்தாலியை நோக்கி நேராகச் செல்ல இயலாது. கோடைக்காற்று எதிர்த்து நிற்கும். ஆகையால் அவை முதலில் வடக்கே ஓடி லிசியக் கரையை அடைந்தன. அங்கே மேற்கு நோக்கி ஓடும் நீரோட்டம் ஒன்று உண்டு. இரவில் மலையிலிருந்து கரைக்காற்று இறங்கும். அவ்விரண்டின் துணையோடு முனைக்கு முனை தொற்றிக்கொண்டு அவை மேற்கே நகர்ந்தன. பேரரசன் நீரோ காலத்தில், கி.பி. 64-65ஆம் ஆண்டளவில், பத்தாராத் துறையில் கலங்கரை விளக்கம் ஒன்று எழுப்பப்பட்டது. கடலோடிகளின் பாதுகாப்புக்காகவே அது கட்டப்பட்டதென அதன் கல்வெட்டு அறிவிக்கின்றது. பத்தாராவிலும், மைரா நகரின் துறையாகிய ஆந்திரியாக்கேயிலும், பேரரசன் ஹாத்ரியன் பெயரால் தானியக் களஞ்சியங்கள் எழுந்தன. ஆந்திரியாக்கேயின் களஞ்சியம் இன்று லிசிய நாகரிகத்தின் அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

இக்கரையோரப் பாதையின் இடர்களைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லூசியன் என்னும் எழுத்தாளர் ஓர் உரையாடல் நூலில் காட்டுகின்றார். வழிதவறி ஏதென்ஸ் நகரின் துறையை வந்தடைந்த ஐசிஸ் என்னும் தானியக் கப்பலைப் பற்றியது அது. 120 முழம் நீளமும், 30 முழத்திற்கு மேல் அகலமும், மேல்தளம் தொட்டு அடிவரை 29 முழம் ஆழமும் உடைய பெருங்கலம் அது. அலெக்சாந்திரியாவை விட்டு ஏழாம் நாள் சைப்பிரசுத் தீவின் முனையைக் கண்டது. எதிர்க்காற்று அதனைக் கிழக்கே சீதோன் வரை தள்ளியது. பின்னர் அது பெரும்புயலில் சிக்கி, லிசியாவின் கிழக்கு ஓரத்திலுள்ள கெலிதோனியத் தீவுகளின் பாறைகளை இருளில் நெருங்கிற்று. கரையில் ஒரு தீ தெரிந்தது. அது லிசியா என்று மீகாமன் உணர்ந்தான். கப்பலை இடப்புறம் திருப்பிக் கடலுக்குள் செலுத்தித் தப்பினான். புறப்பட்ட 70ஆம் நாள் அது ஏதென்ஸை அடைந்தது. அத்தீ எதுவென்று லூசியன் விளக்கவில்லை. ஆனால் அக்கரையில், ஒலிம்பஸ் என்னும் பழநகருக்கு மேலுள்ள மலைச்சரிவில், பாறை இடுக்குகளிலிருந்து கசியும் வாயு இன்றும் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கின்றது.

தப்பாத கலங்களும் உண்டு. அவற்றின் கதையைக் கடலடி சொல்கின்றது. அதே கெலிதோனியா முனையில், கி.மு. 1200 அளவில் மூழ்கிய கப்பலொன்றை 1960இல் ஆய்வாளர் அகழ்ந்தனர். அதற்கு மேற்கே உலுபுருன் முனையில், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய மற்றொன்று 1982இல் பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவரால் கண்டறியப்பட்டது. 1984 முதல் 1994 வரை நடந்த அகழ்வில் ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் வெளிவந்தன. அச்செல்வம் எத்துறைக்குச் சென்றுகொண்டிருந்ததோ, அத்துறையை அது அடையவே இல்லை.

இவ்வளவு இடர் இருந்தும், பருவம் முடியும் வேளையில் மனிதர் ஏன் கடலில் நின்றனர்? இதற்கு விடை ஒரு கடன் பத்திரத்தில் கிடைக்கின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லிசியக் கரையிலுள்ள பாசேலிஸ் நகரத்து வணிகர் இருவர் ஏதென்ஸில் 3,000 திராக்மா கடன் வாங்கினர். 3,000 சாடி மது அதற்கு ஈடு. கருங்கடல் வரை சென்று சரக்கு ஏற்றி அவர்கள் ஏதென்ஸுக்குத் திரும்பவேண்டும். வட்டி ஆயிரத்துக்கு 225. ஆனால் ஒரு நிபந்தனை: சுவாதி மீன் வைகறையில் உதித்த பின்னர், அதாவது செப்டம்பர் நடுவுக்குப் பின், அவர்கள் கருங்கடலை விட்டுப் புறப்பட்டால், வட்டி ஆயிரத்துக்கு 300 ஆகிவிடும்! டெமாஸ்தனிஸ் பெயரால் வழங்கும் வழக்குரைகளுள் ஒன்றில் இப்பத்திரம் நமக்குக் கிடைத்திருக்கின்றது.

இத்தகைய கடற்கடனில், கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கிவிடும்; கொடுத்தவன் கேட்க முடியாது. ஆதலால் அச்சத்தின் அளவு எவ்வளவோ, வட்டியின் அளவும் அவ்வளவு. ஒரு விண்மீன் உதிப்பதற்கு முந்திய நாளுக்கும் பிந்திய நாளுக்கும் இடையே ஆயிரத்துக்கு 75 திராக்மா வேறுபாடு. கடலின் கதவு என்று நாம் சொல்வது உண்மையில் பூட்டிய கதவன்று. நாளுக்கு நாள் ஏறும் ஒரு விலையேயாகும். எகிப்தில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சுங்கக் கணக்கொன்று இதனை மெய்ப்பிக்கின்றது. அதில் சனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களில் மட்டுமே கப்பல் வருகை இல்லை. டிசம்பரிலும் கப்பல்கள் வந்திருக்கின்றன. அடைபட்ட கடலிலும் சென்றவர் இருந்தனர் என்பது தெளிவு. உரோமாபுரியில் தானியம் அருகியபோது, பேரரசன் கிளாடியஸ் குளிர்காலத்தில் கப்பல் விடும் வணிகர்க்குப் புயலால் நேரும் நட்டத்தைத் தானே ஏற்பதாக வாக்களித்தான். பசித்த நகரம் கதவைத் தட்டும்போது, காலக்கணக்கு தளர்ந்துவிடுகின்றது.

இவ்விடத்தில் தமிழகத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. பாசேலிஸ் வணிகர் எழுதியது போன்ற மற்றொரு கடற்கடன் பத்திரம், கிரேக்க மொழியில், எகிப்தில் கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு இன்று வியன்னா நகரில் உள்ளது, 1985இல் அச்சேறியது. அக்கடன் எத்துறைக்குச் செல்லும் பயணத்திற்கெனின், சேரர் துறையாகிய முசிறிக்கு. ஏட்டின் மறுபக்கத்தில், ஹெர்மபோலன் என்னும் கப்பல் கொணர்ந்த யானைத் தந்தமும் கங்கைக்கரைச் சடாமாஞ்சிலும் கணக்கிடப்பட்டுள்ளன. முசிறியிலிருந்து திரும்பும் கலங்கள் டிசம்பரிலோ சனவரி முற்பாதியிலோ வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு புறப்படும். அங்கே மத்தியதரைக் கடல் அடைபட்டிருக்கும்போது, இங்கே நம் கடல் வழிவிடும். சரக்கு செங்கடலையும் பாலைநிலத்தையும் நைல் ஆற்றையும் கடந்து அலெக்சாந்திரியாவை அடைவதற்குள், அக்கடலும் திறக்கும் காலம் ஆகிவிடும். ஒரு கதவு மூட, மற்றொரு கதவு திறக்க, இரண்டுக்கும் ஏற்ப வணிகர் வாழ்ந்தனர்.

பருவத்தின் இறுதியில் எடுக்கும் முடிவு எத்தகையது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்தது. கிறித்தவ விவிலியத்தில் அது பதிவாகியுள்ளது. கடற்பயண வரலாறு என்ற அளவிலும் அது அறிஞரால் போற்றப்படுகின்றது. கைதியாக உரோமாபுரிக்கு அனுப்பப்பட்ட பவுல், லிசியாவின் மைரா நகரில் ஓர் அலெக்சாந்திரியக் கப்பலுக்கு மாற்றப்பட்டார். காற்று எதிர்த்தமையால், அது பல நாள் தவழ்ந்து சென்று, கிரீட் தீவில் ஒரு சிறு துறையை அடைந்தது. யூதரின் உபவாச நாள் கடந்துவிட்டது. ஆகவே இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. இனிப் பயணம் கேடு தரும் என்று பவுல் எச்சரித்தார். ஆனால் அத்துறை குளிர்காலம் தங்க ஏற்றதன்று. அதே தீவில் இன்னும் சிறிது மேற்கே நல்ல துறை ஒன்று இருந்தது. மீகாமனும் கப்பல் உடையவனும் போகலாம் என்றனர். பெரும்பாலோரும் அதற்கு இசைந்தனர்.

அவர்கள் மூடர் அல்லர். போகவேண்டிய தொலைவு சிறிது, தென்றல் மென்மையாக வீசியது, வேறென்ன வேண்டும்? நங்கூரம் தூக்கிய சிறிது நேரத்தில் வடகிழக்கிலிருந்து சூறைக்காற்று பாய்ந்தது. பல நாள் கதிரவனும் இல்லை, விண்மீனும் இல்லை. கப்பலில் இருந்தோர் 276 பேர். உரோமாபுரிக்கென ஏற்றிய கோதுமையைக் கடலில் கொட்டினர். பதினான்காம் இரவில் கரை நெருங்குவதை உணர்ந்தனர். மால்ட்டாத் தீவில் கப்பல் உடைந்தது. உயிர்கள் மட்டும் பிழைத்தன. மழையிலும் குளிரிலும் நனைந்து வந்த அவ்வயலாரைத் தீவு மக்கள் தீமூட்டி வரவேற்றனர். மூன்று மாதம் அங்கே தங்கி, அதே தீவில் குளிர்காலத்தைக் கழித்த மற்றோர் அலெக்சாந்திரியக் கப்பலில் அவர்கள் புறப்பட்டனர்.

இரண்டு கப்பல்களும் ஒரே கடலில் ஓடியவை. ஒன்று உரிய நேரத்தில் நின்றது. மற்றொன்று இன்னும் சிறிது தொலைவு போகலாம் என்று எண்ணியது. நின்ற கப்பலின் மாலுமிகள் பெற்றது என்ன? மொழி அறியாத ஊரில் மூன்று மாதம். கையிருப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டு வீட்டை நினைக்கும் நீண்ட இரவுகள். வீரமென்று அதனை எவரும் பாடுவதில்லை. ஆயினும் கப்பல் அவர்களால் பிழைத்தது. உடைந்த கப்பலில் வந்தவர்க்கும் அதுவே வழித்துணையாயிற்று. அயலூரில் காத்திருக்கும் கலையை அறிந்தவர்க்கு அக்காத்திருப்பின் விலை விளங்கும்.

இடைக்காலத்தில் நிலை மாறியது. 13ஆம் நூற்றாண்டில் காந்த ஊசி மத்தியதரை மாலுமிகளின் கைக்கு வந்தது. முகில் மூடினும் திசை தெரிந்தது. வெனிசு, ஜெனோவா நகரத்துக் கப்பல்கள் குளிர்காலத்திலும் ஓடத் தொடங்கின. லிசியத் துறைகளோ ஆற்று வண்டலால் மெல்லத் தூர்ந்தன. பத்தாராவின் துறை சதுப்பாயிற்று. பெருங்கலங்கள் அக்கரையை மறந்தன. 1811, 1812ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் போபர்ட் அக்கரையை அளந்து வரைபடம் எழுதியபோது, புதர் மூடிய நகரங்களைக் கண்டு வியந்தார். காற்றின் வேகத்தை எண்களால் குறிக்கும் போபர்ட் அளவுகோலை வகுத்தவர் அவரே. மலைமேல் எரியும் அந்தத் தீயையும் அவர் கண்டு குறித்தார்.

அக்கரையோரக் கடற்பயணத்தை ஓய்வுக்குரியதாக்கியவர் ஒரு கைதி என்பது வரலாற்றின் விந்தை. ஜெவாத் ஷாகிர் என்னும் துருக்கிய எழுத்தாளர், 1925இல் ஒரு கட்டுரைக்காகத் தண்டிக்கப்பட்டு, லிசியாவுக்கு வடமேற்கேயுள்ள போத்ரும் என்னும் சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்டார். பண்டை ஹாலிகர்னாசஸ் நகரம் அதுவே. தண்டனைக்காலம் முடிந்த பின்னும் அவர் அவ்வூருக்கே மீண்டார். மரக்கன்றுகள் வருவித்து நட்டார். ‘ஹாலிகர்னாசஸ் மீனவன்’ என்ற பெயரைப் புனைந்துகொண்டு அக்கடலைப் பற்றி எழுதினார். பஞ்சு எடுப்போரின் படகுகளில் அவரும் நண்பர்களும் கரையோரமாக அலைந்து திரிந்தனர். அவர்களுள் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் 1962இல் அப்பயணங்களை ‘நீலப் பயணம்’ என்ற பெயரில் நூலாக்கினார், அப்பெயரே நிலைத்தது. செய்தித்தாளையும் வானொலியையும் கரையிலேயே விட்டுவிட்டுப் படகேறுவது அவர்களுடைய விதி என்று சொல்வார்கள். வானொலி நேயர்கள் அக்குற்றத்தைப் பொறுத்தருள்வார்களாக!

இன்று அக்கரையில் அக்டோபர்த் திங்களில் படகேறுபவருக்கு வானிலை அறிக்கை உண்டு, இயந்திரம் உண்டு, கலங்கரை விளக்கங்கள் உண்டு. எனினும் பருவம் முடியும் முறை மாறவில்லை. ஒரு நாள் தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கும். படகுத் தலைவர் வானத்தைப் பார்ப்பார். இன்னும் ஒரு குடா செல்லலாமா என்று பயணிகள் கேட்பர். அவர் துறைக்குத் திரும்புவார். பாய்கள் மடிக்கப்படும், படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படும். பயணிகள் இன்பமாகக் கழித்த அவ்வாரத்தின் அடியில் இந்தக் கணிப்பே கிடக்கின்றது. நிற்கவேண்டிய நாளை அறிந்தவரோடு செல்வதால்தான் ஓய்வாகச் செல்ல முடிகின்றது.

வரும் கார்த்திகையில் விளக்கேற்றிய பின், கிழக்கே எழும் அம்மீன்கூட்டத்தை நேயர்கள் ஒரு கணம் நோக்குவாராக. சில நாட்களுக்கு முன்னர்தான், விடியலில் அது மேற்கே இறங்கக் கண்டு, வீடு திரும்புவதா, அயலூர்த் துறையிலேயே குளிர்காலத்தைக் கழிப்பதா என்று எத்தனையோ தலைமுறை மாலுமிகள் முடிவெடுத்தனர். சரியாக முடிவெடுத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் வசந்தத்தில் பாய் விரித்துப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.